வேலை தேடும் விசா: ஏழு வாரம் கோட்டை விட்ட கதை

அம்மாவுக்கு இது கடைசிவரை பிடிபடவே இல்லை. "வேலைக்குப் போறியா, வேலை தேடப் போறியா?" என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார். தேடத்தான் போகிறேன் என்றால், "வேலை இல்லாத ஊருக்கு எதுக்குடி விசா?" என்பார். அப்போது எரிச்சலாக வரும். இப்போது யோசித்தால், என்னைச் சுற்றி இருந்தவர்களில் சரியான கேள்வியைக் கேட்டவர் அவர் ஒருவர்தான். மற்ற எல்லோரும் விசா எப்படி வாங்குவது என்றுதான் கேட்டார்கள். நானும் ஒன்பது மாதம் அதை மட்டுமே யோசித்தேன். போய் இறங்கிய பிறகு என்ன என்பதை யோசிக்க மறந்துவிட்டேன்.

நான் வாகன உதிரிபாகத் துறையில் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர். எட்டு ஆண்டு அனுபவத்தோடு, 31 வயதில் ஜெர்மனிக்குக் கிளம்பினேன். அங்கே வேலை தேடுவதற்கென்றே ஒரு விசா 2012லிருந்து இருந்தது. ஆனால் அது ஆறு மாதத்துக்கு மட்டும். அந்த ஆறு மாதமும் கைக்காசில்தான் சாப்பிட வேண்டியிருந்தது. 2024 ஜூன் 1 முதல் அதன் இடத்துக்கு ஷான்சன்கார்ட்டே வந்தது. நம் ஆட்கள் பேச்சில் ஆப்பர்ச்சூனிட்டி கார்டு. ஓராண்டு தங்கலாம், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை பகுதிநேர வேலை பார்க்கலாம், ஒரு கம்பெனியில் இரண்டு வாரம் வரை சோதனை முறையில் வேலை செய்து காட்டலாம். இதைப் படித்ததும்தான் எனக்குத் தைரியம் வந்தது.

முதலில் பாயிண்ட் கணக்கில் மாட்டிக்கொண்டேன். ஆறு பாயிண்ட் வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். 35 வயதுக்குள் இருந்தால் 2. கடந்த ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு துறை அனுபவம் இருந்தால் 3. ஜெர்மன் மொழியில் பி1, அதாவது நடுத்தர நிலை, தேறியிருந்தால் 2. ஆங்கிலத்தில் சி1, அதாவது உயர்நிலை, என்றால் 1. ஆள் பற்றாக்குறைத் தொழில் என்றால் இன்னொன்று. பேப்பரில் எழுதி எழுதிக் கூட்டினேன். ஒரு வாரம் கழித்துத்தான் விதியை ஒழுங்காகப் படித்தேன். நம்முடைய பட்டம் ஜெர்மன் பட்டத்துக்கு இணை என்று முழுதாக ஏற்கப்பட்டால் பாயிண்டே தேவையில்லை! அந்தப் பாயிண்ட் ஏற்பாடு, சொந்த நாட்டில் அங்கீகாரம் பெற்ற பட்டமோ குறைந்தது இரண்டு ஆண்டு தொழிற்பயிற்சியோ இருந்து, ஜெர்மனியின் முழு அங்கீகாரம் இல்லாதவர்களுக்கு. ஆகவே பாயிண்ட் கூட்டுவதற்கு முன் பட்டத்தின் நிலையைப் பாருங்கள்.

அதைப் பார்க்கும் இடம் அனாபின் என்ற தரவுத்தளம். ஜெர்மன் மொழியில் இருக்கும், பார்க்கப் பழைய காலத்து மென்பொருள் போல இருக்கும். நான் இரண்டு நாள் என் கல்லூரியின் பெயரைத் தேடிக்கொண்டிருந்தேன், வரவே இல்லை. பட்டச் சான்றிதழை எடுத்துப் பார்த்தபோது உறைத்தது: பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், கல்லூரி இல்லை. பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டதும் வந்துவிட்டது, பக்கத்தில் 'ஹெச் பிளஸ்' குறியோடு. அதாவது நிறுவனம் ஏற்கப்பட்டது. ஆனால் அது பாதிதான். பட்டத்தின் பெயரும் அங்கே தனியாக இருக்க வேண்டும். என்னுடையது அதே பெயரில் இல்லை. அப்படியானால் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் இசட்.ஏ.பி. என்ற அலுவலகத்தில் ஒப்பீட்டுச் சான்று வாங்க வேண்டும். கட்டணம் 208 யூரோ, எனக்கு இரண்டரை மாதம் பிடித்தது. மொத்த வேலையில் மிக நீளமான காத்திருப்பு இதுதான். இதை முதல் வேலையாகச் செய்துவிட்டால் மற்றதெல்லாம் இதன் நிழலிலேயே முடிந்துவிடும். நான் மார்ச்சில் போட்டுவிட்டு, மேக்ஸ்முல்லர் பவனில் பி1 தேர்வுக்குப் படித்தேன்.

நடுவில் ஒரு ஏஜென்சிக்கும் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை, பயம்.

"விசாவும் வேலையும் சேர்த்து பேக்கேஜ் மேடம். அங்க இறங்கின உடனே இன்டர்வியூ. நம்ம ஆளுங்க பாத்துக்குவாங்க."

"எந்தக் கம்பெனி சார்?"

"அது விசா வந்ததும் சொல்லுவோம் மேடம்."

"சரி, இதையே ஒரு மெயில்ல எழுதி அனுப்புங்க."

அந்த மெயில் இன்றுவரை வரவில்லை. வெளியே வந்து டீ குடிக்கும்போதுதான் தோன்றியது: உண்மையிலேயே ஒரு வேலை கையில் இருந்தால் நேராக வேலை விசாவிலேயே போகலாமே, தேடும் விசா எதற்கு? யாராவது தேடும் விசாவோடு வேலையையும் சேர்த்து விற்றால் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். மற்றபடி விண்ணப்பத்தில் ஏஜென்ட் செய்து நாம் செய்ய முடியாதது எதுவுமில்லை. விசா கட்டணம் 75 யூரோ, அதோடு சரி.

பணம் விஷயத்தில்தான் உண்மையான அடி விழுந்தது. ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருக்கிறது என்று பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதாமாதம் ஒரு பங்கு மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், போட்டுக் காட்ட வேண்டும். 2024ல் மாதத்துக்கு 1,027 யூரோ வீதம் 12,324 யூரோ. 2025ல் அது மாதம் 1,091, ஆண்டுக்கு 13,092 ஆகிவிட்டது. இந்த எண் மாறிக்கொண்டே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். நம் காசில் பதினோரு லட்சத்துக்கு மேல். அதைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் வங்கிக்குப் போனால், "மேடம், ஏழு லட்சத்துக்கு மேல போற தொகைக்கு 20 சதவீதம் டி.சி.எஸ். பிடிக்கணும்" என்றார்கள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போதே வங்கி முன்கூட்டிப் பிடிக்கும் வரி அது. எண்பதாயிரத்துக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டி வந்தது. அது தொலைந்த காசு இல்லை, வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது திரும்ப வரும். ஆனால் அன்றைக்கு கையில் இருக்க வேண்டுமே! தங்கை தன் நகைக்கடன் கணக்கிலிருந்து கொடுத்து உதவினாள். 2025 ஏப்ரலிலிருந்து அந்த வரம்பு பத்து லட்சமாகியிருக்கிறது. இருந்தாலும் யூரோ கணக்கோடு இந்தக் கணக்கையும் முன்பே போட்டு வையுங்கள்.

விண்ணப்பக் கோப்பில் நான் அதிகம் மெனக்கெட்டது நோக்கக் கடிதத்துக்கு. ஜெர்மனி அழகான நாடு, தொழில்நுட்பத்தில் சிறந்த நாடு என்றெல்லாம் முதல் வரைவில் எழுதியிருந்தேன். அதை வாசித்த தோழி, "இதை அவங்களுக்கே ஏன் சொல்றே?" என்றாள். நியாயம்தானே. கிழித்துவிட்டு வேறு எழுதினேன்: எந்த வேலைப் பெயர்களில் தேடப் போகிறேன், எந்தப் பகுதியில், எந்தத் தளங்களில், இதுவரை யாருக்கு விண்ணப்பித்திருக்கிறேன், எங்கே தங்குவேன், ஓராண்டில் கிடைக்காவிட்டால் திரும்பி வந்து என்ன செய்வேன். கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதும்போது கை கூசும். ஆனால் எழுதித்தான் ஆக வேண்டும், அதுவும் நேர்மையாக. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: விசா மறுக்கப்பட்டால் தூதரகத்துக்கே ஒரு கடிதம் எழுதி மறுபரிசீலனை கேட்கும் வழி முன்பு இருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது இல்லை. புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லின் நீதிமன்றத்துக்குப் போகலாம். அதனால் முதல் தடவையே கோப்பு சுத்தமாக இருக்கட்டும். மருத்துவக் காப்பீடு விசாக் காலம் முழுவதற்கும் இருக்க வேண்டும் என்பதையும் பலர் கடைசி நேரத்தில்தான் கவனிக்கிறார்கள்.

இப்போது தலைப்பில் சொன்ன ஏழு வாரத்துக்கு வருகிறேன்.

விண்ணப்பத்தில் 'எந்தத் தேதியில் நுழைய விரும்புகிறீர்கள்' என்று ஒரு கட்டம் இருக்கும். ஆகஸ்டில் உட்கார்ந்து அதை நிரப்பும்போது, மூன்று மாதம் தள்ளி 2024 நவம்பர் 20 என்று போட்டேன். ஏன் அந்தத் தேதி என்று கேட்டால் பதில் இல்லை. ஏதோ நல்ல தேதியாகத் தெரிந்தது. அக்டோபர் முதல் வாரம் விசா வந்தது: நவம்பர் 20லிருந்து 2025 நவம்பர் 19 வரை. துள்ளிக் குதித்தேன். மறுநாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். விசா வருவதற்கு முன் வேலையை விடக் கூடாது என்பதில் தெளிவாக இருந்தேன், அது சரியான முடிவுதான். ஆனால் என் நோட்டீஸ் காலம் 90 நாள் என்பதை அந்தக் கட்டத்தை நிரப்பும்போது நினைக்கவே இல்லை! கெஞ்சி, ஒரு மாதச் சம்பளத்தைத் திருப்பிக் கட்டி, டிசம்பர் 6ம் தேதி விடுவித்தார்கள். 9ம் தேதி திங்கட்கிழமை ஸ்டுட்கார்ட்டில் இறங்கினேன். விசாவில் மூன்று வாரம் அதற்குள் போய்விட்டது.

சரி, மூன்று வாரம்தானே என்று நினைத்தேன். ஜெர்மனியில் டிசம்பர் பாதியிலிருந்து ஆபீஸ்கள் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அனுப்பும் மெயிலுக்கெல்லாம் தானியங்கிப் பதில் வரும்: விடுப்பில் இருக்கிறேன், ஜனவரி 7ல் திரும்புவேன். எல்லோருக்கும் எப்படி ஒரே தேதி என்று வியந்தேன். ஜனவரி 6 அந்த மாநிலத்தில் மூவரசர் திருநாள், அரசு விடுமுறை. அதுவரை இழுத்து விடுப்பு எடுத்துவிடுகிறார்கள். ஆக, நான் அனுப்பிய விண்ணப்பத்தை ஒரு மனிதர் படிக்கக்கூடிய முதல் நாள் 2025 ஜனவரி 7. நவம்பர் 20லிருந்து எண்ணினால் ஏழு வாரம். ஐம்பத்திரண்டில் ஏழு. அந்த ஏழு வாரத்தில் நான் செய்த உருப்படியான காரியம், குளிருக்கு எத்தனை அடுக்கு உடை போட வேண்டும் என்று கற்றுக்கொண்டது.

நுழையும் தேதியை ஜனவரி நடுவிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ வைத்திருக்க வேண்டும். ஆகஸ்டும் இதே கதைதான், கோடை விடுமுறை.

வீட்டு விஷயத்திலும் ஒரு கோட்டை விட்டேன். வருவதற்கு முன் இரண்டு மாத உள்வாடகை அறை ஒன்றைப் பிடித்திருந்தேன். வந்தபின் வசிப்பிடப் பதிவுக்கு, அதாவது அன்மெல்டுங்குக்கு, வீட்டுக்காரரின் கையெழுத்துப் படிவம் கேட்டால், "இந்த அறைக்கு அது தர முடியாது" என்றார். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது விதி. நான் கணக்கு தொடங்கப் போன வங்கியும் அந்தப் பதிவைக் கேட்டது. வங்கிக் கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதப் பணம் வராது. சொந்தக் காசு பன்னிரண்டாயிரம் யூரோ கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, எடுக்க முடியவில்லை. கையோடு கொண்டுபோன ஃபாரெக்ஸ் கார்டில்தான் முதல் ஒன்றரை மாதம் ஓடியது. அறை பார்க்கும்போது வாடகையைக் கேட்பதற்கு முன்பே 'அன்மெல்டுங் செய்யலாமா' என்று கேட்டுவிடுங்கள். ஜனவரி கடைசியில் மூன்று பேர் பகிரும் வீட்டில் ஒரு அறை கிடைத்து, அங்கே பதிந்தேன்.

பதிந்தால் வரி எண் தபாலில் வரும். ஒருவாரம், இரண்டுவாரம், மூன்றுவாரம்... வரவில்லை. ஒரு நாள் கீழே தபால்காரர் பெட்டிகளில் கடிதம் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசாமல் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயர்களை விரலால் தட்டிக் காட்டினார். மற்ற இருவர் பெயரும் இருந்தது, என் பெயர் இல்லை. அங்கே அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் வீட்டுக்கு வீடு தனி எண் கிடையாது. பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் நீங்கள் அந்த வீட்டில் இல்லை, அவ்வளவுதான். கடிதம் வந்து திரும்பிப் போயிருக்கிறது. பகுதிநேர வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அந்த எண்ணைத் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் ஒரு துண்டுத் தாளில் பெயரை எழுதி டேப் போட்டு ஒட்டினேன். அந்த ஊரில் என் பெயரை நான் முதலில் பார்த்தது அந்தப் பெட்டியில்தான்.

பகுதிநேர வேலை ஒரு கிடங்கில், பொருள் பிரித்து அடுக்கும் வேலை. 2025ல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.82 யூரோ. அந்த ஆண்டுக் கணக்கில் மாதம் 556 யூரோவுக்கு மேல் சம்பாதித்தால் அரசு மருத்துவக் காப்பீட்டுக்குள் வந்துவிடலாம் என்பது பெரிய ஆறுதல். காலை ஷிஃப்ட் எடுத்தேன், அதுதான் தப்பு. உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஜெர்மன் கம்பெனிகளின் எச்.ஆர். ஆட்கள் மெயில் அனுப்பாமல் திடீரென்று போன் செய்வார்கள், அதுவும் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுக்குள். இரண்டு அழைப்புகளை அப்படித் தவறவிட்டேன். திருப்பி அழைத்தால் ஒருவர் எடுக்கவில்லை, இன்னொருவர் ஆள் எடுத்தாகிவிட்டது என்றார். அப்புறம் மாலை ஷிஃப்டுக்கு மாறிக்கொண்டேன்.

இனி தேடலைச் சொல்கிறேன். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் ஒரே ஆங்கிலப் பயோடேட்டாவைப் பெரிய பெரிய கார் கம்பெனிகளுக்கும் அவர்களின் பெரிய சப்ளையர்களுக்கும் அனுப்பினேன். எக்செல் தாளில் எண்ணி வைத்திருந்தேன், 83. பதில் வந்தவற்றில் இரண்டாவது வரி எப்போதும் 'லைடர்' என்று தொடங்கும். 'துரதிர்ஷ்டவசமாக' என்று அர்த்தம். பி1 படிக்கும்போது புத்தகத்தில் பார்த்த சொல், இப்போது அதைத் தேடியே மெயிலைத் திறக்கப் பழகிவிட்டேன். காரணமும் இல்லாமல் இல்லை. நான் வந்திறங்கிய அதே டிசம்பரில்தான் ஃபோக்ஸ்வாகன், 2030க்குள் 35,000 பணியிடங்களைக் குறைப்பதாகத் தொழிற்சங்கத்தோடு உடன்பாடு போட்டது. ஆட்களைக் குறைக்கும் துறையின் வாசலில் நின்று நான் வேலை கேட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச் கடைசியில், அங்கேயே பத்து ஆண்டாக இருக்கும் ஒரு தமிழ் அண்ணனிடம் பயோடேட்டாவைக் காட்டினேன். பார்த்துவிட்டு அவர் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"நீ என்ன விசாவுல இருக்கேன்னு இதுல எங்கம்மா இருக்கு?"

"போடலைண்ணா. போட்டா எடுக்க மாட்டாங்களோன்னு..."

"போடாதனாலதான் எடுக்கல. இந்தியப் பேரு, விசா பத்தி ஒண்ணும் இல்ல, ஃபோன் நம்பர் மட்டும் ஜெர்மன் நம்பர். எச்.ஆர். என்ன நினைப்பாங்க? பேப்பர் வேலை தலைவலின்னு மூடி வச்சிடுவாங்க. கார் கம்பெனிய விடு. பேக்கிங் மெஷின் பண்றவன், மெடிக்கல் சாமான் பண்றவன், ரயில்வேக்குப் பண்றவன், இவங்களுக்கெல்லாம் குவாலிட்டி ஆளு வேணும். சின்ன ஊர்ல இருப்பாங்க. ஜெர்மன்ல எழுது."

ஏப்ரல் முழுதும் அவர் சொன்னபடி செய்தேன். பயோடேட்டாவை ஜெர்மன் முறையில் மாற்றினேன்: இரண்டே பக்கம், மாதம்-ஆண்டு போட்டு அட்டவணை, இடைவெளி இல்லாமல், ஒரு நல்ல புகைப்படம். மேலேயே ஒரு வரி: ஷான்சன்கார்ட்டே இருக்கிறது, இத்தனாம் தேதி வரை செல்லும், பட்டம் இணை என்று சான்று இருக்கிறது. அதைவிடப் பலன் தந்தது, தனியாக இணைத்த அரைப் பக்கத் தாள். 'என்னை வேலைக்கு எடுத்தால் நீங்கள் செய்ய வேண்டியவை' என்று தலைப்பு. ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டும். வேலை விவரப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். மீதி அலுவலக வேலை என் பொறுப்பு. அந்தப் படிவத்தின் சரியான ஜெர்மன் பெயரையும் எழுதியிருந்தேன். நாற்பது, ஐம்பது பேர் வேலை செய்யும் கம்பெனியில் எச்.ஆர். என்பதே ஒரு அம்மாதான், கணக்கும் அவர்தான் பார்ப்பார். வெளிநாட்டவரை எடுத்துப் பழக்கம் இருக்காது. அவருடைய பயத்தை அந்த அரைப் பக்கம் தீர்த்தது. பிறகு எனக்கு வந்த நேர்காணல்களில் பாதியில், எதிரே இருந்தவர் அந்தத் தாளை அச்செடுத்து வைத்திருந்தார்.

ஒரு குறை மட்டும் கடைசிவரை தீரவில்லை. நம் ஊர்க் கம்பெனிகள் கொடுக்கும் அனுபவச் சான்று மூன்று வரி: இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வேலை செய்தார், நடத்தை நன்று. ஜெர்மன்காரர்களுக்குப் பணிச் சான்று என்றால் ஒன்றரைப் பக்கம், என்ன செய்தார், எப்படிச் செய்தார் என்று விவரமாக இருக்க வேண்டும். அதை எதிர்பார்த்துக் கேட்பார்கள். கிளம்புவதற்கு முன் மேனேஜரிடம் உட்கார்ந்து எழுதி வாங்கியிருக்கலாம். நோட்டீஸ் காலத்தைக் குறைக்க அவரிடம் சண்டை போட்ட சூட்டில் அதைக் கேட்கத் தோன்றவில்லை.

ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் அனுப்பியது 41. நேர்காணல் ஏழு. முந்தைய 83க்கு வந்தது இரண்டு.

வேலை கிடைத்த கம்பெனி ஷ்வேபிஷ் ஹால் பக்கம் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. அந்தப் பகுதி முழுக்கப் பேக்கிங் இயந்திரம் செய்யும் கம்பெனிகள். மாதம் 58 யூரோவுக்கு வாங்கிய டாய்ச்லாண்ட் டிக்கெட்டில் ரயிலேறிப் போனேன். வேகமான ரயில்களில் அது செல்லாது, உள்ளூர் ரயில்கள்தான். அவை எப்போது வேண்டுமானாலும் தாமதமாகும், அதனால் ஒரு வண்டி முன்பாகவே கிளம்பினேன். நேர்காணலில் துறைத் தலைவர் தெளிவான ஜெர்மனில் பேசினார், சமாளித்தேன். கூட உட்கார்ந்திருந்த பட்டறைத் தலைவர் அந்த ஊர் வழக்கில் பேசியது எனக்குப் பாதி புரியவில்லை. "மன்னிக்கவும், நான் படித்தது புத்தக ஜெர்மன். மெதுவாகச் சொன்னால் புரியும்" என்றேன். மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள், துறைத் தலைவர், "எனக்கே சில நேரம் புரியாது" என்றார். அதற்குப் பிறகு பேச்சு இலகுவாகப் போனது.

ஜூன் தொடக்கத்தில் இரண்டு நாள் வந்து வேலை செய்து காட்டச் சொன்னார்கள். வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிய ஓர் இயந்திரத் தண்டை (ஷாஃப்ட்) கையில் கொடுத்து, வரைபடத்தையும் கொடுத்து, 8டி அறிக்கை, அதாவது குறையின் காரணத்தை எட்டுப் படியில் ஆராயும் அறிக்கை, எழுதச் சொன்னார்கள். எட்டு ஆண்டாக நான் செய்து வந்த வேலை. மொழி தடுமாறியது, கை தடுமாறவில்லை. அளந்து பார்த்தபோது, தாங்கி (பேரிங்) உட்கார வேண்டிய இடத்தில் விட்டம் வரைபடத்தின் எல்லையைத் தாண்டியிருந்தது. பட்டறைத் தலைவர் தானும் ஒருமுறை அளந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

ஆஃபர் ஆண்டுக்கு 47,500 யூரோ. இங்கே ஒரு கணக்கு தெரிந்திருந்தது உதவியது. ப்ளூ கார்டுக்கான, அதாவது பட்டதாரிகளுக்குத் தரும் வேலை அனுமதிக்கான, 2025ன் பொதுச் சம்பள வரம்பு 48,300. பொறியாளர் போன்ற பற்றாக்குறைத் தொழில்களுக்கு 43,759.80 இருந்தாலே போதுமாக இருந்தது, ஆனால் அந்தக் குறைந்த வரம்பில் போனால் வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஒப்புதலும் வேண்டும். பொது வரம்பைத் தொட்டுவிட்டால் அந்த ஒப்புதல் தேவையில்லை. இதை அப்படியே எச்.ஆர். அம்மாவிடம் சொன்னேன்: "48,500 ஆக்கினால் ஓர் அலுவலகத்தின் வேலை மிச்சம், நான் சீக்கிரம் சேரலாம்." அரை மணி நேரத்தில் சரி என்று பதில் வந்தது. சம்பளம் கூட்டிக் கேட்க எனக்கு வாய் வராது. காகித வேலை குறையும் என்று கேட்க வந்தது.

ஒப்பந்தம் ஜூன் 20ல் கையெழுத்தானது. நாளையே சேரலாம் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். விண்ணப்பம் கொடுத்ததும் வெளிநாட்டினர் அலுவலகம் ஒரு இடைக்காலச் சான்று தரும். அது பழைய அனுமதியைத்தான் நீட்டிக்கும், அதாவது வாரம் 20 மணி நேரம் மட்டும். முழுநேர வேலைக்குப் புதிய அனுமதி வந்தே ஆக வேண்டும். நல்லவேளை, சேரும் தேதியைச் செப்டம்பர் 1 என்று தள்ளிப் போட்டிருந்தேன். ஆகஸ்ட் முதல் வாரம் அனுமதி வந்தது. ஏழு வாரத்தைத் தொலைத்தும் முடிந்தது. ஆனால் மே மாதத்து இரவுகளில் காலண்டரை எண்ணிக்கொண்டு படுத்திருந்தபோது அந்த ஏழு வாரம் ஏழு மாதமாகத் தெரிந்தது.

இதே போலத் தேடும் அனுமதி ஆஸ்திரியாவிலும் உண்டு: ஆறு மாதம், நூற்றுக்கு எழுபது பாயிண்ட். ஸ்வீடனில் முதுநிலைப் பட்டம் இருந்தால் மூன்றிலிருந்து ஒன்பது மாதம் வரை. நான் போய்ப் பார்க்காத ஊர்களைப் பற்றி இதற்கு மேல் பேசுவது சரியில்லை.

போன மாதம் பழைய கம்பெனியில் எனக்கு ஜூனியராக இருந்த பையன் போன் செய்தான். ஆவணமெல்லாம் தயார், விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறேன், ஒரு சந்தேகம் என்றான். பாயிண்ட் கணக்கா, பிளாக்டு அக்கவுண்டா என்று நினைத்தேன்.

"நுழையும் தேதின்னு ஒரு கட்டம் இருக்குக்கா. அங்க என்ன போடட்டும்?"

"உனக்கு நோட்டீஸ் எத்தனை நாள்?"

"தொண்ணூறு."

"சரி. காலண்டரை எடுத்துக்கிட்டு உக்காரு."